அன்பின் வகையும் அதன் எல்லையும்: ஆரணி வட்டாரக் கதைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அன்பு ஒன்றா, பலவா என்னும் வினா மொழிதோறும் எழுந்துள்ளது. கிரேக்கர் அதனை நான்கு சொற்களால் குறித்தனர் என்பர். வடமொழிப் பத்தி நூலார், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரூப கோசுவாமி முதலானோர், அமைதி, அடிமை, தோழமை, மகவன்பு, காதல் என அதனை ஐவகைச் சுவையாக்கினர். தமிழிலோ ஒருதலைக் காமம் முதலாகப் பொருந்தாக் காமம் ஈறாகத் திணை ஏழு வகுக்கப்பட்டன. இவற்றோடு அன்பு, அருள், காதல், காமம், நட்பு, கேண்மை, நேயம், பாசம், ஈரம், பற்று எனச் சொற்கள் பல வழங்குகின்றன. இச்சொற்கள் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன, வேறுபாட்டுக்கு அடிப்படை யாது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

இவ்வாய்வுக்கு ஆரணி வட்டாரத்தைக் களமாகக் கொள்கிறோம். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் பெயர் பெற்றது. மணமகள் உடுக்கும் பட்டு நெய்யப்படும் இவ்வூரிலும் அதன் சூழலிலும் அன்பு பற்றிய கதைகள் மூன்று, மூன்று இடங்களைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஆரணியின் ஒரு பகுதியாகிய புதுக்காமூரில் மகவன்பின் கதை வழங்குகிறது. மேற்கேயுள்ள படைவீட்டில் கணவன், மனைவி, மகன் ஆகியோரின் அன்புகள் ஒன்றையொன்று எதிர்ப்படும் கதை வழங்குகிறது. தென்மேற்கேயுள்ள திருமலையில், மணப்பந்தலை நோக்கி வந்த மணமகன் திரும்பிச் சென்ற கதைக்குரியவர் மலைச் சிற்பமாக நிற்கிறார். இம்மூன்றனோடு, தறியை நம்பி வாழும் குடும்பங்களின் வாழ்வையும் நான்காவதாக வைத்து நோக்குவோம். இலக்கணம் வகுத்த பகுப்புகள் இந்நான்கு இடத்தும் எந்த அளவுக்குச் செல்லுகின்றன, எவ்விடத்தில் நின்றுவிடுகின்றன என்பது தெளிவாகும்.

சொல்லுக்குச் சொல் பொருத்துதல்

ஒப்பியல் நோக்கு வளர்ந்துவரும் இக்காலத்தில், கிரேக்கச் சொற்கள் நான்கிற்கும் தமிழ்ச் சொற்கள் நான்கினை நேர்வைத்துக் கூறும் வழக்கம் காணப்படுகிறது. ஈரோஸ் என்பது காமம், பிலியா என்பது நட்பு, ஸ்டோர்கே என்பது பாசம், அகாபே என்பது அருள் என்பர். சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘நால்வகை அன்பு’ என்னும் பொருள்படும் நூல் இந்நான்கினையும் உலகறியச் செய்தது. மாணவர்க்கு எளிதில் விளங்கும் என்பதன்றி இப்பொருத்தத்துக்கு வேறு வலிமை உண்டா என்று காண்டல் வேண்டும்.

முதலில் காமத்தை எடுத்துக்கொள்வோம். திருக்குறளின் மூன்றாம் பால் 25 அதிகாரங்களால் இயன்றது. அதனுள் வேட்கை உண்டு, பிரிவின் துயர் உண்டு, ஊடலும் உண்டு, ஒருவரையொருவர் நினைந்து காத்திருக்கும் பொறுமையும் உண்டு. காமம் என்னும் சொல் பிற்காலத்தில் இழிபொருள் எய்தியதனால், பழைய காமத்தை வெறும் வேட்கையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நட்பும் அத்தகையதே. அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் எட்டாம் ஒன்பதாம் பகுதிகளில் நட்பினைப் பயன், இன்பம், நற்பண்பு என்னும் மூன்று அடிப்படைகளில் பகுத்து, உடனுறைதலை நண்பர்க்குச் சிறந்த இயல்பாகக் கொண்டார். தமிழ் மரபு போற்றும் தலையாய நட்போ, ஒருவரையொருவர் கண்டறியாத கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையார்க்கும் இடையே நிகழ்ந்தது. நட்புக்குப் பழகுதல் வேண்டா, ஒத்த உணர்ச்சியே அமையும் என்பது வள்ளுவர் கருத்து. பிலியா, நட்பு ஆகிய இரண்டும் ஒன்றெனக் கூறின் இவ்வேறுபாடு மறைந்துபோகும்.

பாசம் என்னும் சொல் மேலும் கருதத்தக்கது. இன்று தாய்க்கும் சேய்க்கும் இடையேயுள்ள அன்பினைப் பாசம் என்கிறோம். சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருளுள் பாசம் என்பது உயிரைப் பிணிக்கும் கட்டு. அடிப்படைப் பொருள் கயிறு என்பதே. ஆகவே அன்பைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே அவ்வன்பின்மேல் ஒரு மதிப்பீடும் அடங்கியுள்ளது. அன்னை மகவைப் பிணிக்கிறாள், அப்பிணிப்பு இனியது, ஆயினும் பிணிப்பே. கிரேக்கச் சொல்லில் இத்தகைய இருமுகம் இல்லை. எனவே சொல்லுக்குச் சொல் நேர்வைக்கும் முறையை விடுத்து, தமிழ் மரபு எந்த அளவுகோலால் அன்பைப் பகுத்தது என்பதைக் காண்பதே முறையாகும்.

தொல்காப்பியர் கொண்ட அளவுகோல்

அகத்திணையியலின் தொடக்கத்திலேயே கைக்கிளை முதலாகப் பெருந்திணை இறுவாயாக ஏழு திணைகளைத் தொல்காப்பியர் நிறுத்துகிறார். காமம் இன்னதென்று இன்னும் அறியாத இளையாள்மாட்டு ஆடவன் கொள்ளும் ஒருதலை வேட்கை கைக்கிளை. மடலேறுதல், இளமை கழிந்தபின் எழும் வேட்கை, தெளிவு இழக்கச் செய்யும் காமம், வலிந்து கொள்ளும் காமம் ஆகியன பெருந்திணைப் பாற்படும். இவ்விரண்டிற்கும் நடுவே, ஒத்த அன்பினர் இருவரின் ஒழுக்கம் ஐந்திணையாகிறது.

இப்பகுப்பில் உணர்ச்சியின் மிகுதியோ குறைவோ அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை என்பது நோக்கற்பாலது. மடலேறத் துணிந்தவனின் காதல், ஐந்திணைத் தலைவனின் காதலினும் குறைந்தது என்று எவரும் கூறார். அன்பு இருவரிடையும் சென்று மீள்கிறதா, ஒருபால் நின்றுவிடுகிறதா என்பதே அளவுகோல். உள்ளத்தின் ஆழத்தை அளப்பதற்குக் கருவி இல்லை; உறவின் நிலையை அளப்பதற்கு உண்டு. இலக்கண நூலாரின் கூர்மை இங்கே புலனாகிறது.

பரிமேலழகர் அன்பையும் அருளையும் வேறுபடுத்தியதும் இவ்வாறே. தொடர்புடையார்பால் நிகழ்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் படர்வது அருள். ஈரமும் நெகிழ்ச்சியும் இரண்டிற்கும் பொதுவாகலின், வேறுபாடு அவற்றால் அமைவதன்று. அன்பு எவர்வரை செல்லும் என்னும் எல்லையால் அமைவது. எனவே, தமிழ் மரபில் அன்பின் வகை என்பது அதன் எல்லையே என்று நாம் கொள்கிறோம். ஐந்திணையின் எல்லை இருவர். மகவன்பின் எல்லை குடும்பம். நட்பின் எல்லை ஒத்த உணர்வினர். அருளுக்கு எல்லை இல்லை.

இக்கொள்கை உண்மையாயின், எல்லைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்திலேயே வகைகளின் இயல்பு துலங்குதல் வேண்டும். திணை நூல்கள் வகைகளைத் தனித்தனியே நிறுத்திக் காட்டின. அவை மோதும் இடங்களைக் காட்டுவன கதைகள். அவற்றுக்கு வருவோம்.

புதுக்காமூர்: விருப்பமும் பிணிப்பும்

ஆரணிப் புதுக்காமூரில் புத்திரகாமேட்டீசுவரர் கோயில் உள்ளது. மகப்பேறு வேண்டித் தயரதன் வேள்வி இயற்றிய இடம் இதுவே என்பது அக்கோயிலின் மரபு. இன்றும் மகவு வேண்டுவோர் இங்கு வந்து வழிபடுகின்றனர்.

இறைவன் பெயரிலேயே ‘காமம்’ என்னும் சொல் அமைந்துள்ளது. ஈண்டு அது மகவின்மேற் செல்லும் விருப்பம். வடமொழியில் அச்சொல் எப்பொருளின்மேற் செல்லும் விழைவையும் குறிக்கும். தமிழில் அஃது ஆண் பெண் அன்புக்கே சிறப்பாக உரியதாயிற்று. ஒரே சொல் இருமொழியில் இருவேறு எல்லை பெற்றமைக்கு இக்கோயிற் பெயர் நல்ல சான்று.

மகவை விரும்பிப் பெற்ற தயரதன் அம்மகவைப் பிரிந்து உயிர் நீத்தான். இராமகாதையைத் தந்தையன்பின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நாம் வேறொன்றையும் அங்குக் காண்கிறோம். தயரதனை வீழ்த்தியது பகைவர் வலிமை அன்று. கைகேயிக்கு அவன் முன்னர் அளித்த வரங்களே. கணவனாக அவன் கொடுத்த வாய்மொழி, தந்தையாக அவன் கொண்ட அன்பை எதிர்த்து நின்றது. வாய்மையைக் காத்தான்; மகனை இழந்தான்; உயிரையும் இழந்தான். இரண்டு அன்பும் உண்மையானவை. இரண்டற்கும் ஒரே நெஞ்சில் இடம் இருந்தது. ஒரே அரண்மனையில் இடம் இல்லாதுபோயிற்று. மகவு வேண்டி எழும் விருப்பம் காமம் என்றும், மகவு பிறந்தபின் அது பாசம் என்றும் பெயர் மாறுவதன் பொருத்தம் இக்கதையில் விளங்கும். விரும்பியபோது அவன் உரிமையுடையவன், பெற்றபின் பிணிப்புண்டவன்.

படைவீடு: மறதி என்னும் வரம்

ஆரணிக்கு மேற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிப் படைவீடு அமைந்துள்ளது. சம்புவராயர் காலத்தில் தலைநகராய் விளங்கிய இவ்வூரில் இன்று பெயர் பெற்று நிற்பது இரேணுகாம்பாள் கோயில். ஆரணிக்கு வரும் கமண்டல நாகநதி இவ்வூர் வழியாகவே வருகிறது.

இரேணுகையின் கதை மாபாரத வனபருவத்திலும் பாகவதத்திலும் உள்ளது. நீராடச் சென்ற இரேணுகை, மனைவியரோடு நீர் விளையாடிய அரசன் ஒருவனைக் கண்டு ஒருகணம் நெஞ்சு நெகிழ்ந்தாள். அதனை உணர்ந்த சமதக்கினி முனிவர் அவளைக் கொல்லுமாறு மைந்தரை ஏவினார். மூத்த மைந்தர் நால்வரும் அதற்கு இசைந்திலர். தந்தையின் சாபத்தால் அறிவிழந்தனர். இளையவனாகிய பரசுராமன் ஏவலை நிறைவேற்றினான். மகிழ்ந்த தந்தை வரம் தந்தபோது, தாய் உயிர்பெறல் வேண்டும், அக்கொலையின் நினைவு இன்றிப்போதல் வேண்டும், பாவம் தன்னைத் தீண்டாதிருத்தல் வேண்டும், உடன்பிறந்தார் முன்னைய நிலை எய்தல் வேண்டும் என்று அவன் வேண்டினான்.

இக்கதையைக் கற்பின் கடுமையைக் கூறுவதாகக் கொள்வோர் ஒருசாரார். தந்தை சொல்லைத் தட்டாமையைக் கூறுவதாகக் கொள்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் கோடரி வீழ்ந்த இடத்திலேயே கதையை முடித்துக்கொள்கின்றனர். கதையோ வரத்தில் முடிகிறது. ஏவலை நிறைவேற்றுதல் அவன் நோக்கின் முடிவாயின், அவன் கேட்கவேண்டிய வரம் வேறாயிருக்கும். தந்தைபால் கொண்ட கடமைக்கும் தாய்பால் கொண்ட அன்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட்டான் என்று கூறுதற்கு இல்லை. ஒன்றை முதலில் செய்தான். மற்றதை அடுத்துக் கேட்டான். ஏவலை மறுத்த நால்வரையும் தண்டனையினின்று மீட்டதனால், அவர்கள் மறுப்பிலும் அறம் உண்டென அவன் ஒப்புக்கொண்டதாகவே நாம் கருதுகிறோம்.

வரங்களுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது நினைவின்மை. வனபருவத்தில் இந்நினைவின்மை தாய்க்குரியது எனவும் மகனுக்குரியது எனவும் கொள்ள இடம் உண்டு. மைந்தரும் மாண்டதாகக் கூறும் பாகவதம் இதனைக் கொல்லப்பட்டார்க்கே உரித்தாக்குகிறது. எவ்வாறு கொள்ளினும் கருத்து ஒன்றே. உயிர் மீண்டால் மட்டும் உறவு மீளாது. தன்னை வெட்டிய கை இதுவென்று அறிந்த தாய் அம்மகனுக்கு மீண்டும் தாயாக வாழ்தல் அரிது. அன்பு அறுபட்ட இடத்தை ஒட்டவைக்கும் ஆற்றல் எவ்வன்புக்கும் இல்லை என்பதனாலேயே மறதி வரமாகக் கேட்கப்பட்டது. அன்பின் வகைகள் மோதுமிடத்து எஞ்சும் வடுவை இதனினும் கூர்மையாகக் கூறிய பழங்கதை அரிது.

தமிழ்நாட்டு வழக்கில் இக்கதை மேலும் வளர்ந்தது. வேகாத மண்ணைக் குடமாக வனைந்து நீர் கொணரும் ஆற்றல், வானத்தே சென்ற கந்தருவனின் நிழலை நீரில் கண்ட கணத்தில் கெடுகிறது. கொலையின்போது தாழ்த்தப்பட்ட குலத்தாள் ஒருத்தியும் உடன் வெட்டுண்டு, உயிர்பெறும்போது தலையும் உடலும் மாறிப்போகின்றன. அவ்வாறு மாறி எழுந்தவளே ஊர்தோறும் அம்மனாகிறாள். அவளைத் தலையுருவில் வழிபடுதலும் மரபாயிற்று. இக்கதை ஐரோப்பியப் பயணியர் எழுத்தின் வழியே செருமானியக் கவிஞர் கேத்தேயை எட்டியது. 1824இல் அவர் வெளியிட்ட பறையர் பற்றிய முத்தொகைப் பாடலில், தலைமாறிய தெய்வம் ஒதுக்கப்பட்டார்க்கும் உரிய தெய்வமாக வருகிறது. கேத்தே கண்ட பொருள் கதையிலேயே உள்ளது. ஒருவனுக்கு மனைவியாகவும் ஐவர்க்குத் தாயாகவும் நின்றவரை அவள் அன்பிற்கு வீட்டுவாயில் எல்லையாயிருந்தது. அவ்வெல்லைக்குள் ஒரு கணத்துப் பிழையும் பொறுக்கப்படவில்லை. வெட்டுண்டு எழுந்தபின் அவளுக்கு எல்லை இல்லை. எக்குலத்தார்க்கும் அவள் தாய். அன்பு அருளாதலை இக்கதை துன்பத்தின் வழியே காட்டுகிறது. இதனை முனிவரின் சினத்துக்குப் புகழாக்குதல் தகாது.

திருமலை: திரும்பிய மணமகன்

ஆரணிக்கும் போளூர்க்கும் அண்மையிலுள்ள திருமலை, தமிழ்ச் சமணரின் சிறந்த தலங்களுள் ஒன்று. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் சினாலயம் அமைந்த ஊர் இது. முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளைக் கூறும் கல்வெட்டால் வரலாற்று மாணவர்க்கும் அறிமுகமானது. இங்கே பாறையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நேமிநாதரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. சிகாமணிநாதர் என இவரை வழங்குவர்.

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் துறவு பற்றிச் சமண மரபு கூறுவது வருமாறு: இராசிமதியை மணக்க ஊர்வலமாய்ச் சென்றபோது, விருந்துக்கெனக் கட்டிவைக்கப்பட்ட விலங்குகளின் ஓலத்தை அவர் கேட்டார். தம் மணத்தின் பொருட்டு அவை கொல்லப்படவிருத்தலை அறிந்து, மணம் ஒழித்துத் துறவு பூண்டார். இராசிமதியும் பின்னர்த் துறவு மேற்கொண்டாள்.

ஈண்டுக் காதலின் எல்லையும் அருளின் எல்லையும் நேருக்கு நேர் நிற்கின்றன. சுவீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நைகிரன் 1930களில் எழுதிய பெருநூலில், வேட்கையன்பும் இறைவனின் அருளன்பும் வேறு வேறு மூலத்தன, ஒன்றினின்று மற்றொன்று பிறத்தல் இல்லை என வாதிட்டார். நேமிநாதர் கதை அவர் கூற்றுக்குச் சான்றாவதுபோல் முதற்கண் தோன்றும். வள்ளுவர் கருத்தோ இதற்கு மாறானது. அருளை அன்பின் குழந்தையாகவும் பொருளை அக்குழந்தையின் செவிலியாகவும் அவர் உருவகம் செய்கிறார். அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்த வைப்புமுறையும் ஒன்றிலிருந்து ஒன்று வளர்தலைக் காட்டுகிறது.

இவ்விரண்டனுள் கதை எதனைச் சாரும்? நேமிநாதர் ஓலத்தைக் கேட்டது மணத்துக்குச் செல்லும் வழியில் என்பதை மறத்தலாகாது. மகிழ்ச்சியால் நெகிழ்ந்த நெஞ்சமே பிற உயிரின் துயரைக் கேட்டது. இவ்வகையில் வள்ளுவர் கருத்தே வலுப்பெறுகிறது. ஆயினும் பிறப்பு என்பது தாயினின்று பிரிதலுமாம். அருள் பிறந்தபோது மணம் ஒழிந்தது. இராசிமதியின் பக்கம் நின்று நோக்கின் இழப்பு இழப்பே. அவளும் துறந்தாள் என்று மரபு கூறியமை, அவ்விழப்பை மரபு மறக்கவில்லை என்பதற்கு அறிகுறி.

துறவைப் போற்றிய இச்சமணரே தமிழில் காதலைப் பெரிதும் எழுதியவர் என்பது வியப்புக்குரியது. சீவகன் மணங்களை விரித்து மணநூல் எனப் பெயர்பெற்ற சிந்தாமணியை யாத்த திருத்தக்கதேவரும், அகப்பொருள் விளக்கம் செய்த நாற்கவிராச நம்பியும் சமணரே. துறக்கவேண்டியதன் அருமையை முற்ற அறிந்தாலன்றித் துறவுக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

தறியும் திணையும்

இதுகாறும் கண்டவை அரசர், முனிவர், தீர்த்தங்கரர் பற்றிய கதைகள். ஆரணியின் தெருக்களில் தறியொலியோடு வாழும் மாந்தர்க்கு அகத்திணை வைத்த இடம் யாது?

அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தவாகிய கைக்கிளை பெருந்திணைகளுக்கு உரியராதல் விலக்கப்படவில்லை என்பது அகத்திணையியல் விதி. இதற்கு இளம்பூரணர் காரணங்கள் கூறுகிறார். பிறர்க்குக் குற்றேவல் செய்வார்க்கு அறம் பொருள் இன்பம் வழுவாது ஒழுகுதல் அரிது. இன்பத்தை இனிது நடத்துவார் பிறர் ஏவல் செய்யாதாரே. இவை வாழ்நிலை பற்றிய காரணங்கள். ஏவல் செய்வார் நாணம் குறைந்தவர், குறிப்பறியாது வேட்கையின் வழியே செல்பவர் என்பன வேறு இரண்டு. இவை நெஞ்சைப் பற்றிய தீர்ப்புகள்.

முன்னிரண்டு காரணங்களும் கூர்ந்த உண்மைகள் என நாம் ஏற்கிறோம். காதலுக்கு ஓய்வும் உரிமையும் வேண்டும். அவை இல்லாதார் வாழ்வில் அது நெருக்குண்ணும். பின்னிரண்டையும் ஏற்றற்கு இல்லை. சங்க நூலே அவற்றுக்கு மறுப்பாக உள்ளது. மருதக்கலியில் அரண்மனை ஏவலராகிய கூனியும் குறளனும் சொல்லாடும் பாட்டு ஒன்று உண்டு. ஒருவரையொருவர் எள்ளித் தொடங்கும் அவர்கள் உரையாட்டு, இருவரும் ஒருப்பட்டுச் செல்வதில் முடிகிறது. அவர்கள் குறிப்பறியாதார் அல்லர். ஒருவர் சொல்லை மற்றவர் கூர்மையாகப் பற்றுகின்றனர். தொல்காப்பியரின் அளவுகோலாகிய ஒத்த அன்பு அங்கே உள்ளது. இருந்தும் அப்பாட்டு ஐந்திணைக்குப் புறத்தே வைக்கப்பட்டது. உறவை அளக்க எழுந்த அளவுகோல் இங்கே குலநிலையை அளக்கப் பயன்பட்டமை தெளிவு. தமிழ் அகமரபின் பெருமையை எடுத்துரைப்போர் இக்குறையையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

நெசவைப் பற்றிய நிலையும் இதனோடு ஒத்தது. நானிலத்துக்கும் வேட்டை, நிரை மேய்த்தல், உழவு, மீன்பிடித்தல் முதலிய தொழில்கள் கருப்பொருளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் நெசவுக்கு இடம் இல்லை. நற்றிணையில் ஒரு பாட்டில், ஆடவர் துணையில்லாப் பெண்டிர் முயன்று நூற்ற நுண்ணூல் உவமையாக வருகிறது. அவள் நூல் பாட்டுக்குள் வந்தது, அவள் வரவில்லை. துணையை இழந்து நூற்று உயிர் வாழும் ஒருத்தியின் நெஞ்சத்துக்குத் திணை வகுக்கப்படவில்லை.

ஆரணித் தறியில் அன்பு எவ்வடிவில் நிற்கிறது? குழித்தறியில் ஒருவர் அமர்ந்தால் வீடு முழுதும் அத்தொழிலில் அமர்ந்ததாகும். பாவு ஓட்டுதற்குப் பலர் கை வேண்டும். ஊடைக்குரிய தாரைச் சுற்றித் தருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர். உடலும் கரையும் வேறு நிறமாக அமையும் கோர்வைப் புடவைக்குத் தறியிலேயே இருவர் வேண்டும். ஒருவர் நாடா எறிய, மற்றவர் கரைக்குரிய நாடாவைத் திருப்பித் தருவார். ஒருவர் பிழைத்தால் இருவர் உழைப்பும் கெடும். கூலி நெசவில் பட்டும் சரிகையும் பிறருடையவை. புடவையும் பிறர் மணத்துக்குரியது. இளம்பூரணர் கூறிய ஏவல் வாழ்வு ஏறத்தாழ இதுவே. ஆயினும் நாள்தோறும் ஒருவர் கையை மற்றவர் கை எதிர்நோக்கி நிற்கும் இவ்வாழ்வில், ஒத்த அன்பிற்கு வேண்டிய செலவும் மீட்சியும் நாடாவோடு நாடாவாக நிகழ்கின்றன. தலைவன் பிரிந்து சென்று பொருள் ஈட்டுதலும் தலைவி ஆற்றியிருத்தலும் திணை நூல் அறிந்தவை. பிரியாதே அருகிருந்து உடன் உழைக்கும் அன்பினை அது தனித்து எடுத்துக்கொள்ளவில்லை.

நெசவாளர் இல்லறத்தைப் பற்றித் தமிழில் வழங்கும் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. வள்ளுவரை நெசவாளராகக் கூறும் அக்கதையில், இல்லறம் சிறந்ததா துறவறம் சிறந்ததா என ஒருவர் கேட்கிறார். வள்ளுவர் பகற்பொழுதில் நாடாவைத் தவறவிட்டு, தேட விளக்கு வேண்டும் என்கிறார். வாசுகி வினவாமல் விளக்கேற்றி வருகிறாள். இஃது அன்பின் உச்சம் எனப் போற்றப்படுகிறது. தொல்காப்பியரின் அளவுகோலைக் கொண்டு நோக்கின், இங்கே ஒருபாற் செல்லும் பணிவு உண்டு. மீண்டு வரும் அன்பைக் கதை காட்டவில்லை. காமத்துப்பாலிலோ தலைவனும் தலைவியும் தத்தம் நெஞ்சைப் பேசுகின்றனர். ஊடுதற்கும் தலைவிக்கு உரிமை உண்டு. நூலுக்குக் கதை ஈடாகாது. வள்ளுவரின் தறிவீட்டை உண்மையாகக் கற்பனை செய்ய விரும்புவோர், பட்டப்பகலில் விளக்கெதற்கு என்று நகைத்துக் கேட்கும் வாசுகியையும் கற்பனை செய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: தமிழ் மரபு அன்பை உணர்ச்சியின் நிறத்தால் பகுக்காது, அது எவரிடையே எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் எல்லையால் பகுத்தது. ஆதலின் கிரேக்கச் சொற்களை நேர்வைத்து இதனை விளக்குதல் போதாது. எல்லைகள் மோதும்போது நேர்வதைப் புதுக்காமூர் இறப்பாகவும், படைவீடு வடுவாகவும், திருமலை துறவாகவும் காட்டின. எல்லாவற்றுக்கும் மேலான அன்பு இது என ஒன்றை நிறுத்தி மற்றவற்றை எளிதில் தள்ளிவிட இக்கதைகள் இடந்தரவில்லை. வென்ற அன்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை மூன்றும் ஒப்புக்கொள்கின்றன.

எல்லையால் பகுத்த மரபு, எல்லைக்கு வெளியே சிலரை நிறுத்தியும் விட்டது. அவர்களது அன்பு குறைந்தது என்பதற்கு நூல்களில் சான்று இல்லை; அவர்களுக்கு உரிமையும் பொருளும் குறைந்திருந்தன என்பதற்கே சான்று உண்டு. பொருளை அருளின் செவிலி என்ற வள்ளுவர் இவ்வுண்மையை அறிந்திருந்தார். அன்பைப் பற்றிய ஆராய்ச்சி இனித் திணை நூல்களோடு அமையாது, கோயிற் கதைகளையும் தொழில் செய்வார் வாழ்வையும் உடன்கொண்டு நடைபெறல் வேண்டும். பட்டை உடுத்து மணவறையில் அமர்வார் காதலுக்கு ஐந்து திணைகள் உள்ளன. அப்பட்டை நெய்து கொடுத்த இருவரின் அன்பையும் ஐந்திணையின் உள்ளேயே வைத்து ஓதுதற்குத் தொல்காப்பியர் தந்த ஒத்த அன்பு என்னும் அளவுகோல் ஒன்றே போதுமானது.